விந்தைச் செய்திகள்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைய கூட்டத்தில் ‘உலக விந்தைகள்’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எனக்குக் கட்டளையிட்டனர். இதனைக் கேள்வியுற்ற பெரியவர் ஒருவர், “திருக்குறளும் கம்பராமாயணமும் இருக்க, தமிழ்ப் பண்டிதருக்கு இந்த வேடிக்கைப் பேச்சு எற்றுக்கு?” என்று வினவினார். அவர்க்கு யான் இறுத்த விடை இது: நம் மாத ஏடு வீட்டிற்கு வந்தவுடன் எவரும் அதனை முதற்பக்கத்திலிருந்து படிப்பதில்லை. தலையங்கமும், நன்கொடைப் பட்டியலும், மணமக்கள் வேண்டும் என்னும் அறிவிப்பும் பின்னரே படிக்கப்படும். முதலில் புரட்டப்படுவது கடைசிப் பக்கம். ஆங்கேதான் துணுக்குகளும் விநோதச் செய்திகளும் உள்ளன. சிறுவர்கள் மட்டுமே அவ்வாறு செய்வதாக எண்ண வேண்டா; மூக்குக்கண்ணாடி அணிந்தோரும் அங்ஙனமே செய்கின்றனர். யாவரும் முதலிற் படிப்பது யாதோ, அதனை ஆராய்ந்து பார்ப்பது பண்டிதர்க்கு இழிவாகாது.

அன்றியும் இப்பொருள் நம் இலக்கணத்திற்குப் புறம்பானதும் அன்று. தொல்காப்பியனார் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்தார். மருட்கை என்னும் வியப்பையும் அவற்றுள் ஒன்றாக எண்ணினார். புதுமை, பெருமை, சிறுமை, ஒன்று மற்றொன்றாக மாறும் ஆக்கம் ஆகிய நான்கனால் வியப்புத் தோன்றும் என்பது அவர் கருத்து. இன்றைக்குப் பத்திரிகைகளில் வரும் விநோதச் செய்தி எதனையேனும் எடுத்துக் கொள்ளுங்கள். அஃது இந்நான்கனுள் ஒன்றில் அடங்கும். நிற்க. அவ்வாசிரியர் வியப்பைப் பற்றி இன்னுமொரு குறிப்புத் தருகின்றார். அறிவு தன் நிலையில் அமையாத பொழுதே வியப்பு நிகழும் என்பது அது. இக்குறிப்பை மனத்துட் கொண்டு மேலே செல்வோம். ஏனெனின், அறிவு நிலைகொள்ளாத அந்தச் சிறு பொழுதில் நகைப்பும் வரலாம்; பெருந்தீங்கும் வரலாம். இரண்டற்கும் நம் பக்கத்திலேயே சான்று உண்டு.

முதலில் நகைப்பிற்குரியதைச் சொல்லுகிறேன். 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இலண்டன் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒரு செய்திப்படம் காட்டப்பட்டது. இத்தாலிய நாட்டார் விரும்பி உண்ணும் ‘ஸ்பகெட்டி’ என்பதை நீங்கள் அறிவீர்கள். நம் சேமியாவிற்கு அண்ணன் முறை எனலாம். மாவைப் பிசைந்து இழையாக்கிச் செய்வது. ஆனால் அப்படத்திலோ, சுவிட்சர்லாந்து தேசத்துக் குடியானவப் பெண்கள் மரக்கிளைகளில் தொங்கும் ஸ்பகெட்டி இழைகளைப் பறித்துக் கூடைகளில் இட்டு வெயிலில் உலர்த்தினர். அவ்வாண்டு குளிர் கடுமையாக இல்லை. ஸ்பகெட்டிப் பயிரை அரிக்கும் வண்டும் ஒழிந்தது. ஆதலால் அமோக விளைச்சல் என்று, நன்மதிப்புப் பெற்ற ரிச்சர்டு டிம்பிள்பி என்னும் அறிவிப்பாளர் சிறிதும் நகையாமற் சொன்னார். அக்காலத்து ஆங்கிலேயர் பலர்க்கு அவ்வுணவு புதிது. அம்மரத்தை வளர்ப்பது எப்படி என்று நிலையத்திற்குத் தொலைபேசியிற் கேட்டவர் பலர். தக்காளிச் சாறு நிரம்பிய தகரக் குவளையில் ஓர் இழையை நட்டு வைத்து, நல்லதே நடக்கும் என்று நம்பியிருங்கள் என்பதே அவர்கட்குக் கிடைத்த மறுமொழி!

இதனைக் கேட்டு ஆங்கிலேயரை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் நம் சங்கத்துப் பிள்ளைகளை அழைத்து, பெருங்காயம் மரத்தில் எவ்விடத்துக் கிடைப்பது, சவ்வரிசி எச்செடியில் விளைவது என்று கேட்டுப் பாருங்கள். சேலத்துச் சவ்வரிசி மரவள்ளிக் கிழங்கின் மாவினின்று ஆவது என்பதனை, மரவள்ளி விளையும் இம்மாவட்டத்துப் பிள்ளைகளே சிலர் அறியார். அறியாத பொருள்மேல் எதனை ஏற்றிச் சொன்னாலும் ஒட்டிக்கொள்ளும். அதுவே அச்செய்திப்படத்தின் கருவி.

நம் நாட்டிலும் 1995ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் ஒரு விந்தை நிகழ்ந்ததை இங்கு வந்துள்ள பெரியோர் மறந்திரார். பிள்ளையார் பால் அருந்துகின்றார் என்னும் செய்தி விடியற்காலையில் தில்லியிற் புறப்பட்டது. அன்றைக்கே நாடு முழுதும் பரவிற்று. கடல் கடந்து அயல்நாட்டுக் கோயில்கட்கும் சென்றது. கைப்பேசி பரவாத காலம் என்பதை நினைவிற் கொள்க. அறிவியல் துறையினர் பாலில் வண்ணப்பொடி கலந்து கரண்டியைத் திருவுருவின் துதிக்கை அருகே பிடித்துப் பார்த்தனர். பால் வாயினுட் செல்லாது, கல்லின் மேற்பரப்பின்வழி மெல்லிய படலமாக வழிந்து இறங்குவதை வண்ணம் காட்டிக் கொடுத்தது. நீர்மப் பொருளின் பரப்பு இழுவிசையும் நுண்துளை ஈர்ப்பும் இதற்குக் காரணம் என்றனர். பத்தியுடையார் மனத்தைப் புண்படுத்த யான் இதனைக் கூறவில்லை. பிள்ளையாருக்குப் பால் படைத்தவர் எவரும் கெட்டுப்போகவில்லை, பால் விற்றவர் கொழுத்தனர், அவ்வளவே. இறைவன்பால் அன்பு வைத்தற்கு அவர் கரண்டியிற் பால் குடித்துக் காட்ட வேண்டும் என்பதில்லை என்பதே அடியேன் கொள்கை.

இனி, சற்று அண்மைக்கு வருவோம். 2016ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 6ஆம் நாள் நாட்டறம்பள்ளிக்கு அருகே ஒரு பொறியியற் கல்லூரி வளாகத்தில் பேரொலியுடன் வெடிப்பு நிகழ்ந்தது. அவ்வூர் அன்று வேலூர் மாவட்டத்திலும் இன்று திருப்பத்தூர் மாவட்டத்திலும் உள்ளது. நம் எல்லைக்குத் தொலைவன்று. பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிர் துறந்தார். வேறு சிலர் காயமுற்றனர். சன்னற் கண்ணாடிகள் நொறுங்கின. நிலத்திற் குழி விழுந்தது. விண்கல் வீழ்ந்தது என்று அரசே மறுநாள் அறிவித்தது. உடனே உலகத்துப் பத்திரிகைகள் யாவும், விண்கல்லால் மாண்ட முதல் மனிதர் தமிழ்நாட்டார் என்று கொட்டை எழுத்துக்களில் வெளியிட்டன. ஆனால் அமெரிக்க ‘நாசா’ நிலையத்தார் வெளிவந்த படங்களைக் கண்டு, இது வானத்தினின்று வீழ்ந்ததைவிட நிலத்திலேயே வெடித்ததற்கே பொருந்துகின்றது என்றனர். பெங்களூர் வானியற்பியல் நிலையத்தாரும் ஐயுற்றனர்.

இதற்கு மாறாக, ஐயத்திற்கு இடமின்றி விண்கல் தாக்கிய ஒருவர் வரலாறு உண்டு. அமெரிக்காவில் அலபாமா மாகாணத்துச் சைலக்காகா என்னும் ஊரில் 1954ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், நண்பகல் உறக்கத்திலிருந்த ஆன் ஹாட்ஜஸ் என்னும் அம்மையாரின் வீட்டுக் கூரையைத் துளைத்துக்கொண்டு ஏறத்தாழ நான்கு கிலோ எடையுள்ள விண்கல் ஒன்று விழுந்தது. அது வானொலிப் பெட்டியின்மேல் மோதித் தெறித்து அவர்மேற் பட்டது. அவர் பிழைத்தார், இடையிற் பெருங்கன்றல் மட்டும் உண்டாயிற்று. கல் இன்றும் அருங்காட்சியகத்தில் உள்ளது. கூரையின் துளைக்கும் கன்றிய உடலுக்கும் புகைப்படச் சான்று உண்டு. விண்கல்லால் ஒருவர் மாண்டார் என்று கூறும் ஆவணமும் பின்னர் வெளிவந்தது. துருக்கிப் பேரரசின் பழஞ்சுவடிகளில், 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் இக்காலத்து ஈராக்கிலுள்ள சுலைமானியாப் பகுதியில் ஒருவர் இறந்ததும் மற்றொருவர் முடமானதும் எழுதப்பட்டிருந்ததை ஆராய்ச்சியாளர் 2020ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினர். ஆக, விந்தை என்பதனாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. பத்திரிகையில் வந்தது என்பதனாலேயே மெய்யாகியும் விடாது. நாட்டறம்பள்ளியில் மாண்டவர்தம் குடும்பத்தார்க்கோ, அவர் விண்கல்லால் மாண்டாரா வெடிப்பொருளால் மாண்டாரா என்பது வேடிக்கையன்று. வெடிப்பொருள் எனின் அதனை ஆங்கு வைத்தவர் யார் என்னும் வினா எழும். விண்கல் எனின் அவ்வினாவே எழாது. விந்தை என்னும் போர்வை சிலவேளை ஒரு வினாவையே மூடிவிடுகின்றது. இதனை நீங்கள் கருதுதல் வேண்டும்.

இனிச் சொல்லப்போவது நகைப்பிற்குரியதன்று. தாய்மார்கள் பொறுத்தருள வேண்டும். 2018ஆம் ஆண்டின் கோடையில், வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்துள்ளது என்னும் செய்தி வாட்ஸ்அப் வழியே நம் வடமாவட்டங்களிற் பரவிற்று. அச்சமூட்டும் படங்களும் குரற்பதிவுகளும் அதனுடன் வந்தன. மே மாதம் 9ஆம் நாள், சென்னையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் தம் குலதெய்வத்தை வழிபடும்பொருட்டுத் திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர் பக்கம் காரில் வந்தனர். மலேசியாவிலிருந்து வந்த உறவினரும் அவர்களுடன் இருந்தனர். வழி கேட்க வண்டியை நிறுத்தியவிடத்துச் சிறு குழந்தைகளைக் கண்டு, மிட்டாய் கொடுத்தனர். அதுவே குற்றமாயிற்று. பிள்ளை பிடிப்பவர் என்று ஊரார் சூழ்ந்துகொண்டு அடித்தனர். அறுபத்தைந்து அகவை நிரம்பிய மூதாட்டி ஒருவர் அவ்வடியில் மாண்டார். ஏனையோர் கொடுங்காயம் உற்றனர்.

குலதெய்வம் கும்பிட வருதலும், வழியிற் கண்ட குழந்தைக்குத் தின்பண்டம் கொடுத்தலும் நம் குடும்பங்களில் ஆண்டுதோறும் நிகழ்வன அல்லவா? நம்முள் எத்தனை பேர் பெங்களூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஆடி மாதத்தில் இம்மாவட்டத்துக் குலக்கோயில்கட்கு வருகின்றோம்! நம் பிள்ளைகட்கு இவ்வூர்ப் பாதையே தெரியாது. நிறுத்தித்தான் கேட்க வேண்டும். அச்செய்தியைக் கைப்பேசியில் மற்றவர்க்கு அனுப்பியவர் எவரும் கொலைகாரர் அல்லர். “இருந்தாலும் எச்சரிக்கையாயிருக்கட்டுமே” என்று நல்லெண்ணத்துடனேயே பலரும் அனுப்பியிருப்பர். அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனத்தார், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து பேர்க்கு மேல் அனுப்பவியலாதவாறு தடை செய்தனர். விரலை அவர்கள் கட்டினர்; எண்ணத்தைக் கட்ட அவர்களால் இயலுமோ?

இது நிற்க. மெய்யான விந்தைகள் நமக்குப் பஞ்சமா என்றால், இல்லை. சோதித்துப் பார்த்தும் சுவை குன்றாதன சில உள. அவற்றுள் எனக்கு மிக உவப்பானது நியூசிலாந்து நாட்டு மணி. 1836ஆம் ஆண்டு வாக்கில் வில்லியம் கொலன்சோ என்னும் பாதிரியார் அந்நாட்டின் வடபகுதியில், மாவோரிப் பழங்குடியார் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். உற்று நோக்கின், அது பாத்திரமன்று. தலைகீழாகக் கவிழ்த்த, நாவும் அடிவிளிம்பும் இழந்த ஒரு மணி! பெருங்காற்றில் வீழ்ந்த மரம் ஒன்றின் வேரடியில் அது கிடைத்தது என்று அவர்கள் கூறினர். அதன்மேற் பொறித்திருந்த எழுத்து அவர்க்கு விளங்கவில்லை. பின்னர்க் கற்றார் கண்ணுற்றபோது அது தமிழாய் இருந்தது. முகைதீன் பக்சு என்பாருடைய கப்பலின் மணி என்பது அதன் பொருள். கைக்குள் அடங்கும் உயரமே; பதின்மூன்று சென்டிமீட்டர். இன்று வெல்லிங்டன் நகரத்துத் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது.

தமிழ் எழுத்துப் பொறித்த இக்கப்பல்மணி, ஐரோப்பியக் குடியேற்றம் வேரூன்றாத அத்தீவிற்கு எங்ஙனம் சென்றது? தமிழர் கப்பலே போயிற்று என்பார் ஒருசாரார். கைவிடப்பட்ட கப்பல் நீரோட்டத்தில் மிதந்து சென்றது என்பார் மற்றொருசாரார். அயலார் கப்பலில் விலைப்பொருளாய்ச் சென்றிருக்கலாம் என்பாரும் உளர். மணி வாய்திறவாது, நாக்கில்லை. ஆயின் நம்மவர் மேடைகளிற் சிலர், தமிழரே நியூசிலாந்தைக் கண்டுபிடித்தனர் என்று இம்மணியைக் கொண்டு முழங்குவதை யான் கேட்டிருக்கிறேன். மணி இருப்பது மெய். எழுத்துத் தமிழென்பது மெய். அதற்கு மேற்பட்டது நம் ஆசை. மெய்யே இத்துணைச் சுவையாய் இருக்க, அதன்மேல் வெல்லப்பாகு ஊற்றுவானேன்?

இலங்கையில் காலி நகரத்திலும் இத்தகையதொரு கல் கிடைத்தது. 1911ஆம் ஆண்டில் ஒரு பொறியாளர், வாய்க்காலுக்கு மூடுகல்லாகக் கவிழ்த்துக் கிடந்த பலகைக்கல் ஒன்றைப் புரட்டிப் பார்த்தார். சீன மொழி, தமிழ் மொழி, பாரசீக மொழி ஆகிய மூன்றிலும் எழுத்துகள் இருந்தன. சீனப் பேரரசரின் கடற்படைத் தலைவர் செங் ஹோ என்பார் கொணர்ந்து நாட்டிய கல் அது. 1409ஆம் ஆண்டுக் காலக்குறிப்பு உடையது. இதில் விந்தை என்னெனின், மூன்று மொழியும் ஒன்றையே கூறவில்லை. சீனப் பகுதி புத்தர்பிரானுக்குக் காணிக்கை என்கின்றது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்குக் காணிக்கை என்கின்றது. பாரசீகப் பகுதி இசுலாமிய நெறிக்கு உரியதாய்ப் பேசுகின்றது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என மூவர்க்கும் ஏறத்தாழ ஒத்த காணிக்கை. மூவரையும் மனம் நோகவிடாத அவ்வணிக நுண்மதியை யான் பெரிதும் மெச்சுகின்றேன். நம் ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதை யார்க்கு என்று வழக்காடுவோர் கொழும்பு அருங்காட்சியகத்திற்குச் சென்று அக்கல்லை ஒருமுறை பார்த்து வருதல் நன்று.

இனித் தேர்தல் விந்தை. இதில் உலகத்தார் நம்மிடம் வந்துதான் பாடங் கேட்கவேண்டும். 1996ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சித் தொகுதியில் நின்ற வேட்பாளர் தொகை 1,033. எழுத்துப் பிழையன்று, ஆயிரத்து முப்பத்து மூன்று. வாக்குச் சீட்டு சீட்டாய் இராது புத்தகமாயிற்று. வாக்குப்பதிவையே ஒரு திங்கள் தள்ளிவைக்க நேர்ந்தது. முடிவு வெளிவந்தபோது 88 பேர்க்கு ஒரு வாக்கும் இல்லை. 158 பேர்க்கு ஒவ்வொரு வாக்கே. ஒரு வாக்குப் பெற்றோர் நிலை விளங்குகின்றது. ஒன்றும் பெறாதோர், தமக்குத் தாமே வாக்களியாத பெருந்தன்மையுடையார் போலும்!

அயல்நாட்டுப் பத்திரிகைகள் இதனை வேடிக்கைச் செய்தியாக வெளியிட்டு அம்மட்டில் அமைந்தன. அத்தனை பேரும் பைத்தியக்காரரோ? அல்லர். தங்கள் குறைகளைக் கேட்பார் இல்லை என்று மனம் வெதும்பிய உழவர்கள், வாக்குப்பெட்டியே அடைபடும்படி செய்தால் தில்லி திரும்பிப் பார்க்கும் என்று துணிந்து நின்றனர். அதே ஆண்டில் அன்றைய ஆந்திர நாட்டு நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேர் நின்றனர். அவர்கள் நின்றது தண்ணீருக்காக. ஆழ்கிணற்று நீரில் புளோரைடு என்னும் உப்பு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்ட மக்கள், தம் துயரை வேறு எவ்வாறு எடுத்துரைப்பது என்றறியாது வேட்புமனுக்களாக எழுதினர்.

அன்பர்களே, நல்கொண்டா நமக்கு அயலூரா? இம்மாவட்டத்தில் ஆசிரியத் தொழில் புரிவோர் எவரையும் கேளுங்கள். மாணவர்கள் வாய்திறந்து பாடம் ஒப்பிக்கும்போது பல்லில் அரக்கு நிறக் கறை தெரிவதைச் சொல்லுவர். நன்கு துலக்காத பல் அன்று அது. கருங்கற் பாறைகளினின்று நீரிற் கரைந்த புளோரைடு செய்த வேலை. ஒரு லிட்டர் நீரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் அஃது இருத்தலாகாது என்பது வரையறை. நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பல அவ்வரையறையைக் கடந்தவை. இதன்பொருட்டே ஜப்பானியர் கடனுதவியுடன், ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய்ச் செலவில், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருட்டிணகிரி ஆகிய இரு மாவட்டங்கட்கும் அமைக்கப்பெற்று 2013ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி நீர் குழாயில் வரும்போதும் பழக்கத்தால் ஆழ்கிணற்று நீரையே குடத்தில் பிடிக்கும் வீடுகள் நம்மவர் வீடுகளிலும் உண்டு. கிணற்றுநீர் சுவையாயிருக்கிறது என்பார்கள். இருக்கட்டும், குழந்தைகட்கு மட்டுமாவது அதனைக் கொடாதீர்கள்.

ஆயிரம் பேர் நின்ற அவ்விந்தையின் பயன் யாதெனின், அவ்வாண்டே சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்ற வேட்பாளர் கட்டும் காப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆகவும், மக்களவைக்கு 500இலிருந்து 10,000 ஆகவும் உயர்ந்தது. பின்னர் இன்னும் உயர்ந்து இன்று 10,000, 25,000 என நிற்கின்றது. நோய்க்கு மருந்து தரவில்லை; நோயாளி கூச்சலிடுவதற்குக் கட்டணம் விதித்தனர் என்று ஒருவர் கூறினால் அவரை யான் மறுக்கேன்.

அக்கட்டணத்திற்கும் அஞ்சாதவர் ஒருவர் நம் அண்டையிலேயே உள்ளார். மேட்டூரில் டயர்க் கடை வைத்த பத்மராஜன் என்பாரை நீங்கள் அறிவீர்கள். 1988ஆம் ஆண்டு தொடங்கித் தேர்தல்தோறும் நின்று தோற்று, ‘தேர்தல் மன்னன்’ என்னும் பட்டம் பெற்றவர். பிரதமர்களையும் முதல்வர்களையும் எதிர்த்து வேட்புமனு இட்டவர். இருநூற்று முப்பத்தெட்டுத் தேர்தல்களில் தோற்றபின், 2024ஆம் ஆண்டில் நம் தருமபுரி மக்களவைத் தொகுதியிலேயே வந்து நின்றார். அவர் பெற்ற மிகப் பெரிய வாக்குத்தொகை 2011ஆம் ஆண்டில் மேட்டூரில் கிடைத்த 6,273. வெற்றி பெறுதல் தம் நோக்கமன்று என்றும், தோற்பதற்கு மகிழ்வதாகவும் அவர் சொல்லி வருகின்றார். பதிவான வாக்குகளில் ஆறில் ஒரு பங்கு பெற்றாலன்றிக் காப்புத்தொகை திரும்பாது. ஆதலின் ஒவ்வொரு தோல்வியும் அவர் கைப்பணத்தைக் கொண்டு போகின்றது. இதனைப் பித்து என்பார் உளர். எனக்கோ, தேர்வில் ஒருமுறை தவறியதற்கே உயிரை வெறுக்கும் இளம்பிள்ளைகளின் பெயர்கள் ஆண்டுதோறும் செய்தித்தாளில் வரும் மே மாதத்தில், இம்மனிதரை வகுப்பறைக்கு அழைத்துவந்து ஒரு நாழிகை பேசச் சொல்லலாமே என்று தோன்றுவதுண்டு.

நேரம் ஆகின்றது; செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கின்றார். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லி அமைகிறேன்.

ஜப்பான் நாட்டுத் தோக்கியோ நகரில் சிபுயா புகைவண்டி நிலையத்தின் வாயிலில் ஹச்சிக்கோ என்னும் நாய்க்கு வெண்கலச் சிலை உண்டு. அதன் தலைவரான பேராசிரியர் 1925ஆம் ஆண்டில் மறைந்த பின்பும், அவர் வழக்கமாக வந்திறங்கும் வேளையில் அது நாள்தோறும் நிலையத்திற் காத்திருந்தது, ஏறக்குறையப் பத்தாண்டு! 1934ஆம் ஆண்டில் சிலை திறந்தபோது அந்நாயும் உடனிருந்தது என்பது இன்னும் அழகு. இந்தக் கதையை நம் பிள்ளைகள் திரைப்படமாகக் கண்டு கண்ணீர் வடிக்கின்றனர். நன்று. ஆனால் இதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முன்னர், செங்கத்தை அடுத்த எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், ஆநிரை காக்கும் போரில் உயிர்நீத்த கருந்தேவகத்தி என்னும் வீரனுக்கு எடுத்த நடுகல்லில் அவன் பின்னே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன் என்றும், திருடர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லெழுத்துக் கூறுகின்றது. அரசர் பெயரோடு ஒரு நாயின் பெயரும் கல்லில் ஏறிய நாடு இது. விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்திலும், செங்கற்பட்டுப் பக்கத்து இந்தளூரிலும் போரிட்டு மாண்ட சேவலுக்கே கல் உண்டு. இந்தளூர்ச் சேவலின் பெயர் பொற்கொற்றி. இவை கற்பனையல்ல, எழுத்துப் படிக்கப்பெற்று அச்சேறியவை.

நடுகல் மிகுந்த நிலம் நம் தகடூர் நாடு. அரூர்ப் பக்கத்தினின்றும் பிறவிடங்களினின்றும் கொணர்ந்தவற்றைத் தருமபுரி அகழ்வைப்பகத்தில் காணலாம். கல்லிலுள்ள வீரன் எம் குலத்தான் என்று உரிமை கொண்டாடப் பல சங்கத்தார் முன்வருவர். நம் ஏட்டிலும் அத்தகைய கட்டுரைகள் வந்ததுண்டு. கோவிவனை எம் குலத்தான் என்று கேட்டு இதுவரை ஒருவரும் வந்திலர்! அதனாற்போலும் அதன் வரலாறு இன்னும் கலப்பின்றி இருக்கின்றது.

இவ்வளவு பேசியதன் பயனாக ஒரு வேண்டுகோள் உண்டு. ஏட்டின் கடைசிப் பக்கத்திற்குத் துணுக்கு அனுப்புவோர், அந்நிகழ்ச்சி எவ்வூரில், எவ்வாண்டில், எவர் கண்டு எழுதியது என்பதனையும் சேர்த்து எழுதுக. ‘யாரோ அனுப்பினார்கள்’ என்று வருவன அச்சேறா என்று ஆசிரியர் குழு முடிவு செய்யுமாயின் யான் மகிழ்வேன். அயல்நாட்டு விந்தை கிட்டவில்லையெனின், உங்கள் ஊருக்குப் போங்கள். மாந்தோப்பு ஓரத்திலோ, ஏரிக்கரையிலோ, கிணற்றடியில் துணி துவைக்கும் இடத்திலோ, வில்லும் வாளும் ஏந்திய உருவம் செதுக்கிய கல் ஒன்று கவிழ்ந்தோ சாய்ந்தோ கிடக்கலாம். மஞ்சள் பூசி வழிபடுவோர் வழிபடட்டும். எழுத்து உள்ள பக்கத்தில் சுண்ணாம்பு அடிக்க வேண்டா. புது வீட்டு வாயிற்படிக்கு உடைக்கவும் வேண்டா. வீரன் காலடியில் நாயோ கோழியோ உளதா என்று பாருங்கள். வெயில் சாய்ந்த வேளையில் ஒரு படம் எடுத்து, ஊரின் பெயரும் நிலத்தின் பெயரும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழின் கடைசிப் பக்கம் இன்னும் நிரம்பவில்லை என்று செயலாளர் கூறுகின்றார்.